ஆவடித் தீர்மானமும் அதன்பின் வந்த கணக்குகளும்

தேர்தல் வாக்குறுதி என்றால் தேர்தல் அறிக்கையில் அச்சாவதுதான் என்று நினைப்பது பிற்காலத்துப் பழக்கம். சுதந்திர இந்தியாவின் ஆகப் பெரிய வாக்குறுதிகளில் ஒன்று தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அறிவிக்கப்பட்டது. அறிவித்த இடம், சென்னைக்கு மேற்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராணுவக் கிடங்குகளுக்குப் பேர்போன ஆவடி. 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸின் 60ஆவது மாநாடு, ‘சோஷலிச பாணி சமுதாயம்’ அமைப்பதே இனி நாட்டின் திட்டமிடலுக்கு இலக்கு என்று தீர்மானித்தது. தலைமை ஏற்றவர் யு.என். தேபர். முதலமைச்சராகி ஒரு வருடம்கூட முடியாத காமராஜரின் மாநிலத்தில் மாநாடு நடந்தது. ஆனால் தீர்மானம் யாருடையது என்பதில் அன்றும் இன்றும் யாருக்கும் குழப்பமில்லை. அது ஜவாஹர்லால் நேருவின் தீர்மானம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கு அதற்குப் பிறகும் டெல்லித் தலைவர்களின் வாக்குறுதிகள் வந்தபடியே இருக்கின்றன. 1971இல் வறுமை ஒழிப்பு, 1991இல் விலைக் குறைப்பு, 2004இல் ஒளிரும் இந்தியா, 2024இல் மோடியின் உத்தரவாதம். இவற்றை இங்கே குடியிருக்கும் ஒருவர் எதை வைத்து அளப்பது? வாக்குறுதிப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு நிறைவேறியதற்கு ஒரு கோடு, நிறைவேறாததற்கு ஒரு சுழி என்று போட்டுக்கொண்டே போகலாம். பத்திரிகைகள் அதைத்தான் செய்கின்றன. இந்த வட்டாரத்தில் அந்த முறை சரிப்படாது. ஏனென்றால் இங்கே வந்த பெரிய மாற்றங்களில் பெரும்பாலானவை எந்தத் தலைவரும் ஓட்டுக் கேட்டபோது சொன்னவை அல்ல. சொன்னவற்றில் பல வேறு உருவத்தில் வந்தன, அல்லது வரவேயில்லை. ஆகவே வேறொரு அளவுகோலை இங்கே முன்வைக்கிறேன். ஒரு தலைவர் தன் ஆட்சியின் பலனைப் பிறர் கணக்கிடவிட்டாரா? அந்தக் கணக்கு ஓட்டுப் போடுகிறவரின் கைக்கு நேரத்தில் வந்ததா?

1957: சொன்னதும் செய்ததும்

ஆவடித் தீர்மானம் மூன்று விஷயங்களைச் சொன்னது. முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருக்கும். உற்பத்தி படிப்படியாக வேகம் பெறும். தேசச் செல்வம் நியாயமாகப் பங்கிடப்படும். எவ்வளவு, எப்போதுக்குள் என்பது எதிலும் இல்லை. உடைமை இல்லாவிட்டால் கட்டுப்பாடு என்று வழி விட்டிருந்ததால் ஆலை முதலாளிகளும் பெரிதாக அலறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதல் பொதுத் தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்து தட்டுத் தடுமாறியிருந்தது. கம்யூனிஸ்ட்டுகள் வலுவாக நின்றார்கள். அவர்களுடைய கோஷத்தின் கூர்மையை மழுக்கும் நோக்கமும் ஆவடியில் இருந்தது என்று வாசிப்பதில் தவறில்லை.

ஆனாலும் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி அரசுடைமையாகி ஸ்டேட் வங்கி ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேருவே திறந்துவைத்தார். 1956 ஏப்ரலில் வந்த தொழிற்கொள்கைத் தீர்மானம் எந்தெந்தத் தொழில் அரசுக்கு, எது தனியாருக்கு என்று வகை பிரித்தது. செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. பி.சி. மகலனோபிஸின் கணக்குகளின் மேல் எழுந்த இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் கனரகத் தொழிலை மையத்தில் வைத்தது. ஒரு தேர்தலுக்கு முன்னால் இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு செய்து காட்டிய பிரதமர் பிறகு அதிகம் இல்லை.

1957 பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை வாக்குப்பதிவு. மக்களவையின் 494 இடங்களில் காங்கிரஸுக்கு 371. சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 205இல் 151. பெரியார் காமராஜரை ஆதரித்தார். முதன்முறையாகத் தேர்தலில் இறங்கிய தி.மு.க. சட்டமன்றத்தில் 15, மக்களவையில் 2 இடங்களோடு நின்றது. வென்றது நேருவின் ஆவடியா, காமராஜரின் பள்ளிக்கூடங்களும் மதிய உணவுமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. தேசியத் தலைவர் ஒருவரின் சாதனையைத் தமிழ்நாட்டில் அளக்கும்போது ஒவ்வொரு முறையும் குறுக்கே வரும் சிக்கல் இது. மாநிலத் தலைவரின் வேலை அவர் கணக்கில் ஏறும், அல்லது அவர் வேலை மாநிலத் தலைவரின் கணக்கில் ஏறும்.

அன்றைய எதிர்க்கட்சியின் வாதத்தையும் கவனிக்க வேண்டும். ‘வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது’ என்ற தி.மு.க. முழக்கம் ஒரு வகையில் புள்ளிவிவர வாதம்தான். இரண்டாவது திட்டத்தின் மூன்று அரசு உருக்காலைகளும் பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று வடக்கேயும் கிழக்கேயும் போயின. சேலத்துக்காக அண்ணா 1967இல் எழுச்சி நாள் நடத்த வேண்டியிருந்தது. அடிக்கல் விழ 1970 ஆனது. இந்த வாதம் சேலத்தில் முழுக்கச் செல்லும், பெரம்பூரிலும் ஆவடியிலும் பாதிதான் செல்லும். ஐ.சி.எஃப். ஏற்கனவே இருந்தது, நெய்வேலி தொடங்கியிருந்தது, ஆவடிக்குத் தொழிற்சாலைகள் வரிசையாக வரப்போகின்றன. ஒரே தலைவரின் சாதனை நூறு மைல் தள்ளிப் போனால் வேறு நிறம் காட்டியது.

தனக்கு எதிராகத் தானே கணக்குக் கேட்டவர்

நேருவின் உண்மையான சோதனை 1957க்குப் பிறகுதான். அந்நியச் செலாவணி கரைந்தது, உணவு விலை ஏறியது, திட்டத்தைச் சுருக்க வேண்டிவந்தது. எல்.ஐ.சி. பணத்தை முந்த்ராவின் நிறுவனங்களில் போட்ட விவகாரத்தை ஆளுங்கட்சி எம்.பி.யும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தியே அவையில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை நடத்தினார். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். ஆவடித் தீர்மானம் பெற்றெடுத்த நிறுவனத்தில் அடுத்த வருடமே ஊழல். எதிரிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ராஜாஜி 1959 ஜூனில் சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்ற அவருடைய வசை இன்றும் பழசாகவில்லை.

இரண்டாவது திட்டம் தொடங்கும்போது நாட்டில் வேலையில்லாதோர் சுமார் 53 லட்சம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். திட்டம் முடியும்போது அந்த எண் 90 லட்சம். இதைச் சொன்னது எதிர்க்கட்சிப் பிரசுரமல்ல, திட்டக் குழுவின் மூன்றாவது ஐந்தாண்டுத் திட்ட ஆவணம். தேசிய வருமானம் 25 விழுக்காடு உயரும் என்றோம், 20தான் உயர்ந்தது என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது.

அடுத்தது இன்னும் சுவாரசியமானது. 1960 ஆகஸ்டில் மூன்றாவது திட்ட வரைவு பற்றிய விவாதத்தில், கூடுதலாகக் கிடைத்த வருமானமெல்லாம் எங்கே போனது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியைப் பிரதமரே அவையில் எழுப்பினார். அக்டோபரில் அதற்காக மகலனோபிஸ் தலைமையில் குழு அமைந்தது. 1964இல் வந்த அறிக்கை நேருவுக்கு இனிப்பானதல்ல. பொருளாதார பலம் சிலர் கையில் குவிந்திருக்கிறது, பெரும் நிறுவனங்களின் வளர்ச்சிக்குத் திட்டமிடலே துணைபோயிருக்கிறது என்றது. அதாவது ஆவடித் தீர்மானத்தின் மூன்றாவது பகுதி, நியாயமான பங்கீடு, தோற்றுவிட்டது என்பதற்கு அரசே சான்றிதழ் கொடுத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 1963 ஆகஸ்டில், நாட்டின் 27 கோடிப் பேர் நாளொன்றுக்கு மூன்றணாவில் வாழ்கிறார்கள் என்றார் ராம் மனோகர் லோகியா. இல்லை, பதினைந்து அணா என்று மறுத்தார் நேரு. மூன்றணா விவாதம் என்று பெயர்பெற்ற அந்தச் சண்டையில் பிரதமரின் எண் நாடறிய நார்நாராகக் கிழிந்தது.

நேருவைப் புனிதராக்க நான் இதைச் சொல்லவில்லை. எண்களோ கெடுவோ இல்லாத தீர்மானத்தை நிறைவேற்றிக்கொண்டு, ‘எப்போது நிறைவேறும்’ என்ற கேள்வியிலிருந்து லாவகமாகத் தப்பியவரும் அவர்தான். ஆனால் தன் வாக்குறுதி தோற்கும் இடத்தைக் காட்டக்கூடிய தராசைச் சொந்தச் செலவில் செய்துவைத்தார். இந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்களை அவரோடு நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வாக்குறுதியில் இல்லாத ஊர்

ஆவடியில் சோஷலிசம் பேசப்பட்ட பத்தாண்டுக்குள் இந்த வட்டாரம் அடியோடு மாறியது. மாற்றத்தின் ஒரு பகுதி தீர்மானத்தின் வாரிசு. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. உள்ளூர் வாயில் அது ‘டாங்க் ஃபேக்டரி’. 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா. ராணுவச் சீருடை தைக்கும் ஆடைத் தொழிற்சாலை, டாங்க் ஆராய்ச்சிக்கு சி.வி.ஆர்.டி.இ., பின்னர் எஞ்சின் தொழிற்சாலை. ஆவடி அரசு ஊழியர்களின் ஊராயிற்று. குவார்ட்டர்ஸ், கேந்திரிய வித்யாலயா, மாதக் கடைசியில் சம்பளம், ஓய்வுக்குப் பின் பென்ஷன், திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ ஒரு மனை.

இன்னொரு பகுதி தீர்மானத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. அம்பத்தூரில் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் மாநாட்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1959இல் டன்லப் வந்தது. பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். முதல் திட்டத்தின் இறுதியில் டெல்லியில் வகுத்த தொழிற்பேட்டைக் கொள்கையைத் தொழிலமைச்சர் ஆர். வெங்கட்ராமன் இங்கே கைப்பற்றிக்கொண்டார். 1958இல் கிண்டி, 1964இல் அம்பத்தூர். அம்பத்தூர் எஸ்டேட் தெற்காசியாவின் மிகப் பெரிய சிறுதொழில் பேட்டைகளில் ஒன்றாக வளர்ந்தது. அரசு நிலம் எடுத்துச் சாலை போட்டு ஷெட்டு கட்டிக் கொடுத்தது. உள்ளே லேத்து போட்டவர் தனி முதலாளி. பெரும்பாலும் டி.வி.எஸ்.ஸிலோ லேலண்டிலோ டூல்ரூமில் கைபழகி வெளியே வந்தவர். உற்பத்திச் சாதனம் சமூக உடைமையாகும் என்று முழங்கிய மேடையிலிருந்து சில கிலோமீட்டரில், ஆயிரக்கணக்கான சின்ன முதலாளிகளை அரசே உருவாக்கிக்கொண்டிருந்தது. இதை முரண் என்று சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆவடி தந்த நீடித்த பலன் இந்தக் கலப்புதான். அரசுத் தொழிற்சாலை ஆர்டர் கொடுக்கும், எஸ்டேட் பாகம் செய்து கொடுக்கும். இரண்டில் ஒன்று இருமினால் மற்றதற்குக் காய்ச்சல் வரும்.

இடையே வந்த மூவர்

1971இல் ‘வறுமையே வெளியேறு’ என்று இந்திரா காந்தி கேட்ட ஓட்டு தமிழ்நாட்டுக்கு தி.மு.க.வின் தோளில் ஏறித்தான் வந்தது. அவருடைய காங்கிரஸ் சட்டமன்றத்தில் ஓரிடத்தில்கூடப் போட்டியிடவில்லை. வங்கி தேசியமயம் இந்த வட்டாரத்துக் கடைக்காரருக்கு வங்கிக் கதவைத் திறந்தது உண்மை. வறுமை எவ்வளவு வெளியேறியது என்பதை அந்தக் கோஷத்தால் அளக்க முடியாது. அதிலும் எண் இல்லை.

எண்ணும் கெடுவும் கொண்ட வாக்குறுதி 1991இல் வந்தது. ஆட்சிக்கு வந்த 100 நாளில் அத்தியாவசியப் பொருள் விலைகளை 1990 ஜூலை மட்டத்துக்கு இறக்குவோம் என்று காங்கிரஸ் அறிக்கை சொன்னது. அந்த அறிக்கையோடு ஊர் ஊராகப் போன ராஜீவ் காந்தி, மே 21 இரவு போரூர், பூந்தமல்லி வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூர் போனார். அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்தது. அந்த வழக்கின் விசாரணையும் பூந்தமல்லித் தடா நீதிமன்றத்தில்தான் நடந்தது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்று அங்கே தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை வெகுவாக மாற்றியது.

விலை வாக்குறுதிக்கு என்ன ஆனது? ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் படித்த பட்ஜெட் பெட்ரோல், சமையல் எரிவாயு, உரம் ஆகியவற்றின் விலையை ஏற்றியது. அதே நாளில் தொழில் உரிமமுறை பெருமளவு ஒழிந்தது. ஓட்டுக் கேட்டபோது யாரும் முன்னிறுத்தாத அந்த இரண்டாவது காரியம்தான் பூந்தமல்லிச் சாலையின் தலையெழுத்தை மாற்றியது. 1996க்குப் பிறகு இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், பத்தாண்டு கழித்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. காலையும் மாலையும் பூந்தமல்லியில் கம்பெனிப் பேருந்துகள் வரிசைகட்டின. வாக்குறுதி உடைந்த ஆண்டும் வட்டாரத்துக்கு வேலை வரும் வழி திறந்த ஆண்டும் ஒன்றே. 2014இல் நோக்கியா ஆலை மூடியபோது, அந்த வேலை எவ்வளவு சீக்கிரம் போகக்கூடியது என்பதும் தெரிந்தது.

வாஜ்பாய் கதை சுருக்கம். தங்க நாற்கரச் சாலை பூந்தமல்லியைத் தொட்டுத்தான் பெங்களூருக்குப் போகிறது. கண்ணெதிரே ஓடும் சாதனை. 2004இல் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்றார்கள். தமிழ்நாட்டில் 39 இடமும் போனது.

மோடியின் பத்தாண்டு, எஸ்டேட்டிலிருந்து

2014 முதல் 2024 வரையான நரேந்திர மோடியின் ஆட்சியை அம்பத்தூர் எஸ்டேட்டில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது வரி. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு வாரக்கூலியை ரொக்கமாகக் கொடுத்துவந்த பட்டறைகளைத் திணறடித்தது. புழக்கத்திலிருந்த பணத்தில் மதிப்பளவில் 86 விழுக்காடு ஓர் இரவில் செல்லாததானது. செல்லாத நோட்டில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கியே 2018இல் கணக்குக் கொடுத்தது. கறுப்புப் பணம் சிக்கும் என்ற வாக்குறுதிக்கு அதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

ஜி.எஸ்.டி. வேறு மாதிரி. 2017 ஜூலை 1க்குப் பின் மாநில எல்லைச் சோதனைச்சாவடிகள் போயின, பிற மாநிலத்தில் வாங்கிய மூலப்பொருளுக்கும் உள்ளீட்டு வரிவரவு கிடைத்தது. சரக்கு வாங்கி விற்கும் நடுத்தர நிறுவனத்துக்கு இது நிஜமான லாபம். ஆனால் எஸ்டேட்டின் உயிர் ஜாப் ஒர்க்கில் இருக்கிறது. மூலப்பொருளை ஆர்டர் கொடுப்பவரே அனுப்புவார், பட்டறை கடைந்து, துளையிட்டு, தேய்த்து அனுப்பி, கூலிக்கு மட்டும் பில் போடும். கூலிக்கு ஈடுகட்ட உள்ளீட்டு வரிவரவு ஏதும் பெரிதாக இருக்காது. இந்தக் கூலியின் மேல் 18 விழுக்காடு போட்டார்கள். பில் போட்ட அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரி கட்ட வேண்டும். ஆர்டர் கொடுத்தவர் பணம் தர மூன்று மாதம் ஆகும். வராத பணத்துக்கு வரி கட்டக் கடன் வாங்கும் நிலை. அம்பத்தூரும் கோவையும் 5 விழுக்காடாக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2019 அக்டோபரில் 12 ஆனது. ‘மேக் இன் இந்தியா’ என்ற சிங்கச் சின்னத்தோடு 2014 செப்டம்பரில் தொடங்கிய ஓர் அரசு, மேக் செய்கிற கடைசிக் கைக்கு விதித்த நிபந்தனை இது. நாட்டின் உற்பத்தியில் தொழிற்சாலைத் துறையின் பங்கை 25 விழுக்காடாக்கும் இலக்கு முந்தைய அரசு 2011இல் வைத்தது. மோடி அரசு அதைத் தனதாக்கிக்கொண்டது. 2024இலும் அந்த எண்ணுக்கு அருகில்கூட நாடு வரவில்லை.

தாமதப் பணத்துக்கு ஒரு மருந்தும் அதே அரசிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2023 நிதிச் சட்டம் விதித்தது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. பெரிய கம்பெனிகள் இந்தத் தொல்லை வேண்டாமென்று இந்த விதிக்குள் வராத நடுத்தர நிறுவனங்களிடம் ஆர்டரை மாற்றிவிடுமோ என்ற பயமும் சிறுதொழில்காரர்களிடம் கூடவே எழுந்தது.

ஆவடியில் கணக்கு இன்னும் சிடுக்கானது. 2020 மே மாதம் அறிவித்து, 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். டாங்க் ஃபேக்டரியும் எஞ்சின் ஃபேக்டரியும் ஏ.வி.என்.எல். என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன. அதன் தலைமையகமே ஆவடி. ஆடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு நிறுவனத்துக்குப் போனது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. இன்னொரு பக்கம், 2021 பிப்ரவரி 14 அன்று சென்னை வந்த மோடி புதிய அர்ஜுன் டாங்கை ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். செப்டம்பரில் 118 டாங்குகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு வந்தது. ஆர்டர் பெரிது. டாங்கின் எஞ்சின் மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தாக வேண்டும். தன் குழந்தைக்கு இங்கே வேலை கிடைக்குமா என்று கேட்கும் ஊழியருக்கு ஆர்டர் ஒரு பதில், கலைக்கப்பட்ட வாரியம் வேறொரு பதில்.

பூந்தமல்லிக்கு வருவோம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டர் செல்லும் தடம் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் ஒரு பகுதி. 2020 நவம்பரில் அமித் ஷா அடிக்கல் நாட்டினார். சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, 2021 பிப்ரவரி 1 அன்று, நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டில் 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்தியப் பங்கு உண்டு என்றார். மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபர் 3 அன்று. நடுவில் மூன்று வருடம் எட்டு மாதம். சட்டமன்றத் தேர்தலும் போனது, மக்களவைத் தேர்தலும் போனது. இது மாநிலத் துறைத் திட்டம் என்றது டெல்லி, முதல் கட்டம்போலச் சரிபாதி தாருங்கள் என்றது சென்னை. தூண்கள் மட்டும் மாநிலம் திரட்டிய பணத்திலும் கடனிலும் போரூர் வழியாக எழுந்துகொண்டிருந்தன. அந்த நாளில் வாக்கு கேட்டு வந்த இரு தரப்பும் ஒரே தூணைக் காட்டித் தங்களுடையது என்றன.

செல்பேசி உற்பத்திக்கு 2020இல் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டம் மோடி ஆட்சியின் தெளிவான வெற்றிகளில் ஒன்று. சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன் பொருத்தும் வேலை பெருகியதில் அதற்குப் பங்குண்டு. அந்த வேலைக்கு வந்த பெண்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வி திட்டத்தில் இல்லை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி விடுதி ஒன்றில் கெட்ட உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளர்கள் பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். வாஜ்பாயின் அதே சாலை. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தது மாநில அரசு.

2024 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டன்று பா.ஜ.க. தேர்தல் அறிக்கை வந்தது. இன்னும் ஐந்தாண்டு இலவச தானியம், 70 வயது கடந்தோருக்கு மருத்துவக் காப்பீடு, முத்ரா கடன் 20 லட்சமாக உயர்வு, உலகெங்கும் திருவள்ளுவர் பண்பாட்டு மையங்கள். முத்ரா உயர்வு ஜூலை பட்ஜெட்டிலும், காப்பீடு அக்டோபரிலும் வந்துவிட்டன. சொன்னதைச் செய்வதில் இந்த அரசு சோம்பேறி அல்ல. ஆனால் அறிக்கையில் இருந்தவை எவையும் ஜாப் ஒர்க் வரியைப் பற்றியோ மெட்ரோப் பங்கைப் பற்றியோ படைக்கலத் தொழிலாளரின் பணி நிலையைப் பற்றியோ பேசுபவை அல்ல.

ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. அம்பத்தூர் அடங்கிய ஸ்ரீபெரும்புதூரில் தி.மு.க.வின் டி.ஆர். பாலு 4.8 லட்சத்துக்கும், ஆவடியும் பூந்தமல்லியும் அடங்கிய திருவள்ளூரில் காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் 5.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்கள். பா.ஜ.க. அணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் மூன்றாமிடம், திருவள்ளூரில் இரண்டாமிடம். இந்த முடிவை மோடியின் தொழில் கொள்கைமீதான தீர்ப்பாக வாசிக்க எனக்குத் தயக்கம். கூட்டணிக் கணக்கு, எதிரணியின் பிளவு, மாநில உரிமை என்று பல காரணங்கள் அதில் புரள்கின்றன. 240 இடங்களோடு மோடி மூன்றாம் முறை பிரதமரானார். இந்த வட்டாரம் அதில் பங்கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எண்ணாத பத்தாண்டு

முதலில் வைத்த அளவுகோலுக்கு வருகிறேன். தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்தும் 2017–18 வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு வெளிவரவில்லை. 2019 ஜனவரியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனனும் உறுப்பினர் ஜே.வி. மீனாட்சியும் விலகினார்கள். வேலையின்மை 6.1 விழுக்காடு என்ற அந்த அறிக்கை தேர்தல் முடிந்து புதிய அமைச்சரவை பதவியேற்றதற்கு மறுநாள், 2019 மே 31 அன்று அதிகாரபூர்வமாக வெளியானது. அதே ஆண்டுக்கான குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைத் தரம் சரியில்லை என்று நவம்பரில் கைவிட்டார்கள். 2022–23 செலவுக் கணக்கெடுப்பின் சுருக்கமோ 2024 பிப்ரவரியில், வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம் முன்பே வந்தது. அதன் எண்கள் அரசுக்கு உவப்பானவை. தரம் குறித்த விளக்கங்கள் உண்மையாகவே இருக்கலாம். கசப்பான எண் தேர்தலுக்குப் பின்னும் இனிப்பான எண் தேர்தலுக்கு முன்னும் வந்த வரிசை மாறப்போவதில்லை. வேலையில்லாதோர் 53 லட்சத்திலிருந்து 90 லட்சமானார்கள் என்று தன் திட்ட ஆவணத்திலேயே அச்சிட்ட அரசோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் பெரியது. 1881 முதல் பத்தாண்டு தவறாமல் நடந்தது, 2021இல் கொரோனாவால் நின்றது, பிறகு எல்லாம் இயல்பான பின்னும் தள்ளிப்போனது. 80 கோடிப் பேருக்கு இலவச தானியம் என்ற வாக்குறுதியின் எண்ணே 2011 கணக்கிலிருந்து பிறந்தது. அதற்குப் பின் பிறந்தவர்களும் இடம்பெயர்ந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. எல்லோருக்கும் ரேஷன் என்ற கொள்கை உள்ள தமிழ்நாடு மீதிச் சுமையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறது.

2011இல் ஆவடியின் மக்கள்தொகை சுமார் 3.45 லட்சம், அன்று அது நகராட்சி. 2019இல் மாநகராட்சி ஆனது. 2014, 2019, 2024 என்று மூன்று மக்களவைத் தேர்தல்கள் இந்த எண்ணின் மேலேயே நடந்தன. 2025 ஜூனில் வெளியான அறிவிக்கையின்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. 2011 கணக்கெடுப்பு ஒவ்வொருவரும் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறார் என்று கேட்டது. அதே கேள்வி இம்முறையும் இருந்து, அட்டவணைகள் 2029 மக்களவைத் தேர்தலுக்கு முன் வெளிவந்தால், திருநின்றவூரிலிருந்து எஸ்டேட்டுக்கு மின்சார ரயிலில் போகிறவர்கள் எத்தனை பேர், பூந்தமல்லியில் கம்பெனிப் பேருந்துக்கு நிற்பவர்கள் எத்தனை பேர் என்பது வாக்குச்சாவடிக்குப் போகும் முன் தெரியவரும்.